பெயரில்லாத தட்டில் ஒரு ரேடியேட்டர்

மன்னிப்புக் கடிதம் தயாராக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள்தான் தயாராக இல்லை.

ஜப்பானின் ஷிசுவோகா நகரில், மாதிரிக் கார் சங்கத்தின் கண்காட்சிக் கூடத்தில், நாற்பத்திரண்டாம் எண் மேசைக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கஸாமா சயோ சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தாள். வயது முப்பத்தொன்று. பல் கட்டும் கூடம் ஒன்றில் வேலை. மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பினால் பொய்ப்பல்லும் தங்க உறையும் செய்து கொடுப்பாள். அவள் முன்னால் ஒரு சின்ன மரத் தாங்கியின் மேல், உள்ளங்கையில் அடங்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று முன்மூடியைத் திறந்துகொண்டு நின்றது. அசலில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. அதன் மூக்குக்குள் தபால்தலை அளவில் ஒரு ரேடியேட்டர். வழக்கு அதன் மேல்தான்.

நிரஸாகி குனிந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தான். மோட்டார் காப்பீட்டு நிறுவனத்தில் பதினோரு வருடம் நொறுங்கிய கார்களுக்கு மதிப்புப் போட்டவன். அதை விட்டுவிட்டுத் துப்பறிய வந்து மூன்று வருடம் ஆகிறது. அசல் ரேடியேட்டர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறான். இது அவற்றில் ஒன்றைத் துவைத்துச் சுருங்க விட்டது போல இருந்தது. நெட்டுக்குத்தாக முப்பத்துமூன்று குழாய்கள், நடுவில் நெளிநெளியாகத் தகடு, கறுப்புச் சாயம் தேய்ந்து ஓரங்களில் வெள்ளி எட்டிப் பார்க்கிறது. வலது கீழ் மூலையில் நாலைந்து தகடுகள் மட்டும் கல்லடி பட்டு மடங்கிக் கிடந்தன. கல்லடியைக்கூடச் செய்திருக்கிறாள். அல்லது இன்னொருவர் செய்திருக்கிறார். அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாலு மணிக்கு நிறைவு விழா. இப்போது மணி ஒன்றரை.

“கையெழுத்தும் போட மாட்டேன், முத்திரையும் குத்த மாட்டேன்” என்றாள் சயோ, அவன் கேட்பதற்கு முன்பே. “சங்கத்துக்கு வேலை செய்ய வந்தவர்தானே நீங்க. போய்ச் சொல்லுங்க.”

“முத்திரை குத்தலைன்னா உங்க பேரை அடிச்சிட்டு, ஏன் அடிச்சோம்னு உங்க முதலாளிக்கு எழுதுவாங்களாம்.”

“தெரியும். தங்கம் புழங்கற இடம். திருடின்னு எழுதி வந்தா மறுநாள் உள்ள விட மாட்டாங்க.”

“உங்களோடதுன்னு நிரூபிச்சிடலாமே?”

“என்னோடதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. அவரோடதுன்னு அவர்தான் சொன்னார். அவர் நிரூபிக்கட்டும்.”

அதோடு மீதி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். பேச்சு முடிந்தது.

அவர் என்றால் அஸஹினா சென்செய், சங்கத்தில் எல்லாருக்கும் ஆசான். மாதிரிக் கார் பத்திரிகையில் இருபது வருடமாகத் தொடர் எழுதுகிறவர். சங்கத்தில் அவர் இருமினால் மற்றவர்கள் தண்ணீர் எடுக்க ஓடுவார்கள்.

வழக்கு இவ்வளவுதான். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஒரு கறுப்புத் தட்டு வைப்பார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் செய்த ஒரு பாகத்தை யாருக்கும் தெரியாமல் அதில் வைக்க வேண்டும். பெயர் கிடையாது. பெரியவர் வேலையைச் சின்னவரும் பயமில்லாமல் குறை சொல்லலாம் என்பதற்காக வந்த வழக்கம். தட்டில் இருப்பதைக் காட்டி ‘இது என்னுடையது’ என்று சொல்வது அங்கே ஆகப்பெரிய அநாகரிகம். பிப்ரவரித் தட்டில் இந்த ரேடியேட்டர் வந்தது. யாருக்கும் குறை சொல்லத் தெரியவில்லை. அஸஹினா அதைப் படம் எடுக்க வீட்டுக்குக் கொண்டுபோனார். மார்ச் மாதம் தட்டுக்குத் திரும்பி வந்தது. அன்று சயோ அதை எடுத்துப் பையில் போட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் பத்திரிகையில் அதன் படம் வந்தது, அஸஹினாவின் பெயரோடு. மே மாதக் கண்காட்சியில் அது சயோவின் காரில் இருந்தது.

திருடியது யார்? எடுத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வைத்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வழக்கமே அப்படி.

“முதலாளி, இங்க வாங்க” என்று கூப்பிட்டாள் மோமோசே.

நிரஸாகியின் உதவியாளர். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக நின்று பேசியவள். பேருந்திலிருந்து இறங்கினாளே தவிர, பேச்சிலிருந்து இறங்கவில்லை. இப்போது சுவரில் தொங்கிய கண்காட்சி விதிகளை, இடப்பக்கம் ஃபூஜி மலையைக் காட்டுகிற குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள். காட்சிப் பொருளைத் தொடாதீர், சரி. குழந்தையைத் தூக்கிக் காட்டாதீர், சரி. ஏழாவது விதி, மாதிரிகளுக்குள் தண்ணீர், எண்ணெய் முதலிய எந்தத் திரவமும் இருக்கக் கூடாது. மீறினால் போட்டியிலிருந்து நீக்கப்படும்.

“இது எதுக்காம்?” என்று கேட்டாள்.

சங்கத் தலைவர் ஹோரியே பெருமூச்சு விட்டார். தேயிலை மொத்த வியாபாரி. நிரஸாகியை வேலைக்கு அழைத்தவர் அவர்தான். நாலு வருடம் முன்பு ஒருவர் நிஜக் குளத்தோடு கிராமம் செய்து கொண்டுவந்தார், குளம் உடைந்து பக்கத்து மேசையில் இருந்த பதினாறு கார்கள் நாசமாயின என்று விளக்கினார். அவருக்கு இந்த விவகாரம் சத்தமில்லாமல் முடிந்தால் போதும். அந்தப் பெண் ஒரு முத்திரை குத்தினால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அதற்கு ஒரு ஆதாரம் வேண்டும், அதற்குத்தான் நிரஸாகி.

மோமோசே மறுபடி காரின் பக்கம் குனிந்தாள். தாங்கியின் முனையைத் தாண்டிக் காரின் மூக்கு சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, மேசையில், காரின் பெயரும் அளவும் எழுதிய வெள்ளை அட்டை. அட்டையில் இளம்பச்சையாக ஒரு வட்டக் கறை.

“யாரோ பச்சைத் தேநீர் சிந்திட்டாங்க” என்றார் ஹோரியே. சங்கச் செயலாளர் வேறு மாதிரி சொன்னாராம், அந்தப் பெண் அழுத கண்ணீர் என்று.

“நான் அழலை” என்றாள் சயோ, தலையைத் திருப்பாமல்.

“ரெண்டும் இல்லை” என்றாள் மோமோசே. “காருக்கு அவசரமா வந்திருக்கு. அஞ்சு நாளா ஒரே இடத்துல நிக்குதே, பாவம்.”

யாரும் சிரிக்கவில்லை. நிரஸாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அஸஹினாவின் வீடு அபே ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. மோமோசேயின் சின்ன வேனில் இருபது நிமிடம். சென்செய் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அறுபத்தைந்து வயதுக்கு நிமிர்ந்த முதுகு, இஸ்திரி போட்ட வேலை அங்கி. தேநீர் வந்தது, வேர்க்கடலைத் தின்பண்டம் வந்தது. அந்தப் பெண் மேல் தனக்குக் கோபமே இல்லை என்றார்.

“சின்ன வயசு. அழகா ஒரு பொருளைப் பார்த்தா கை நீளும். மன்னிப்புக் கேட்டுட்டா நான் அந்த நிமிஷமே மறந்துடுவேன்.”

வேலை மேசையில் அவர் ஒரு சட்டத்தை எடுத்து வைத்தார். இரண்டு நீளத் திருகாணிகள், ஒரு கைவிரல் அளவு இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாகப் பூட்டப்பட்டிருந்தன. முடி போன்ற கம்பியை இந்தத் திருகாணியின் மரைப் பள்ளத்தில் போட்டு, அந்தத் திருகாணிக்குக் கொண்டுபோய், மறுபடி இங்கே கொண்டுவந்து, சுற்றிக்கொண்டே போக வேண்டும். மரை இருப்பதால் கம்பிகள் தானாகவே ஒரே இடைவெளியில் நிற்கும். சொட்டுப் பசை தொட்டு இறுக்கி, இரண்டு பக்கமும் வெட்டினால் ரேடியேட்டரின் குழாய் வரிசை தயார். ஏப்ரல் இதழிலும் இதைத்தான் எழுதியிருந்தார்.

நிரஸாகி பத்திரிகைப் படத்தில் கோடுகளை எண்ணினான். முப்பத்துமூன்று. சட்டத்தின் மரைகளை அதே அகலத்துக்கு எண்ணினான். முப்பத்துமூன்று. இடைவெளி மயிரிழை பிசகவில்லை.

“அட்சர சுத்தம்” என்றாள் மோமோசே, கொஞ்சம் வருத்தத்தோடு. அவளுக்குச் சயோவைப் பிடித்துப்போயிருந்தது. அந்த வருத்தத்திலேயே, தானும் ஒரு தடவை சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

சென்செய் பெருந்தன்மையோடு ஒரு பழைய திருகாணியையும் கம்பியையும் கொடுத்தார். மோமோசே நாக்கைக் கடித்துக்கொண்டு ஆறு சுற்று சுற்றினாள். பசை தொட்டாள். ஏழாவது சுற்றில் நின்றுவிட்டாள்.

“முதலாளி. என் கட்டைவிரலும் இந்தத் திருகாணியும் கல்யாணம் பண்ணிக்கிச்சு.”

இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. சென்செய் சிரித்துக்கொண்டே பசைக் கரைப்பான் தேடினார், தீர்ந்துபோயிருந்தது. நிரஸாகி அவள் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். மரைப் பள்ளம் பூராவும் பசை வழிந்து கண்ணாடி போல இறுகியிருந்தது. பிறகு சென்செயின் சட்டத்தைப் பார்த்தான். கடையிலிருந்து வந்த அன்றுபோல மரைகள் பளபளவென்றிருந்தன.

“இதுல எத்தனை செஞ்சிருக்கீங்க, சென்செய்?”

“ஏழு, எட்டு இருக்கும்.”

“பசையே ஒட்டலையே.”

“மெழுகு பூசிட்டுத்தான் சுற்றணும். கத்துக்குட்டிங்களுக்கு அது தெரியாது.” மோமோசேயின் விரலைப் பார்த்துத் தலையசைத்தார்.

பள்ளத்தில் மெழுகும் இல்லை. நிரஸாகி அதைச் சொல்லவில்லை. சுத்தமாக வைத்துக்கொள்வேன் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். நாலு மணிக்கு அந்த வரி போதும், ஒரு பெண்ணின் பெயரை அடிக்க. படத்தைப் பார்த்து இடைவெளி அளந்து, அதற்குப் பொருத்தமான திருகாணியைக் கடையில் தேடிச் சட்டம் செய்வது இந்தக் கைக்கு ஒரு பிற்பகல் வேலை. தெரிகிறது. ஆனால் தெரிவது வேறு, காட்டுவது வேறு.

எனவே பழைய தொழில் பழக்கத்தில் ஒன்றைச் செய்தான். காப்பீட்டு மனுவில் உரிமையாளர், சேதமான ஒவ்வொரு பாகத்தையும் தன் கையால் எழுதி முத்திரை குத்த வேண்டும். அது போல இந்த ரேடியேட்டரின் பாகங்களை மேலிருந்து கீழாக எழுதித் தர முடியுமா, எதில் செய்தது, எப்படி ஒட்டியது என்று கேட்டான். ஆதாரம் பலமாக இருக்கும் என்றான்.

எழுத்தாளர் அல்லவா. சென்செய் சந்தோஷமாக எழுதினார். மேல் தொட்டி: பித்தளைக் கட்டையை அராவியது. குழாய்கள்: கம்பி. கீழ்த் தொட்டி: அதேபோல் கட்டிப் பித்தளை. அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு: குண்டூசித் தலையை இரண்டு பக்கம் அராவி ஒட்டியது.

“இந்தத் திருகு சுத்துமா?” என்று நிரஸாகி கேட்டான்.

“கடுகுல பாதி இருக்கு, இது சுத்துமா? திருகினா முறிஞ்சிடும். இந்த அளவுல எதுவும் நிஜமா வேலை செய்யாதுங்க. எல்லாம் கண்ணுக்குத்தான்.”

அதையும் எழுதச் சொன்னான். எழுதினார். சிவப்பு மையில் முத்திரையை அழுத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மோமோசே ஒட்டிய விரலோடு வண்டி ஓட்டினாள். வளைவுகளில் திருகாணி ஸ்டியரிங்கில் டக்டக்கென்று தட்டியது. “நம்ம கட்சி தோத்துடுச்சா?” என்று இரண்டு முறை கேட்டாள். நிரஸாகி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கொடுத்த வேலையை அவன் முடித்துவிட்டான். ஹோரியே கேட்ட ஆதாரம், முத்திரையோடு, சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அவனுக்கு அதில் விருப்பமில்லை. சயோ முகத்தில் இருந்தது பயம் இல்லை. பிடிபட்டவர்களின் முகத்தைப் பதினோரு வருடம் பார்த்திருக்கிறான். அவர்கள் நிறையப் பேசுவார்கள். இவள் எதற்கோ காத்திருக்கிறாள்.

எதற்கு?

கூடத்துக்குள் நுழையும்போது மணி மூன்று இருபது. நேராக நாற்பத்திரண்டாம் மேசைக்குப் போனான். அட்டையைத் தொட்டான். பச்சைக் கறையின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தான். மறுபடி தேய்த்தான்.

“ஹோரியே-சான், ஒரு நிமிஷம். இது உங்க தொழில். இது தேநீரா?”

ஹோரியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தேயிலைக்காரரின் மூக்கு தானாகவே முன்னால் போனது. நிமிர்ந்தபோது நெற்றி சுருங்கியிருந்தது.

“இல்லைங்க. தேநீர்க் கறை மறுநாளே பழுப்பாயிடும். இது எந்த நாள்ல விழுந்தது?”

“முதல் நாள் காலையில” என்றாள் சயோ.

“அஞ்சு நாளா பச்சையாவே இருக்கே. இது தேநீர் இல்லை.”

“நீங்கதானே தேநீர்னு சொன்னீங்க?” என்றான் நிரஸாகி.

“யாரோ சொன்னாங்க, நானும் சொன்னேன்” என்றார் ஹோரியே சங்கடத்தோடு. முப்பத்தைந்து வருடம் பச்சை இலை விற்றவர், பச்சையாக இருந்ததால் பார்க்காமலே இருந்துவிட்டார்.

நிரஸாகி விரல்களை இன்னொரு முறை தேய்த்தான். ஐந்து நாளாகியும் முழுசாகக் காயவில்லை. வழுக்குகிறது. இந்த வழுக்கல் அவன் விரல்களுக்குத் தெரியும். நொறுங்கிய கார்களின் மூக்கடியில் மண்டியிட்டபோதெல்லாம் முழங்காலை நனைத்தது இதுதான்.

சயோவின் பக்கத்தில் போய்க் குனிந்தான். சுவரில் தொங்கிய விதிப் பலகையை விரலால் காட்டினான். “ஏழாவதா?”

அவள் முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள். நாற்காலியின் விளிம்பைக் கைகள் பிடித்துக்கொண்டன.

“தெரிஞ்சிட்டா வாயை மூடிக்கிட்டு இருங்க” என்றாள் மெதுவாக.

“விதிக்குப் பயந்தா சொல்லாம இருக்கீங்க?”

“எனக்கு என்ன பயம்? தட்டுல வெச்சதை என்னோடதுன்னு சொல்லக் கூடாதுன்னு இவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க. நான் சொல்லலை. ஆறு வருஷமா சொல்லலை. அவர் சொன்னார், எல்லாரும் தலையாட்டினாங்க. நாலு மணிக்கு அதைக் கழட்டி அவர் கையில குடுக்கப் போறாங்களாம். குடுக்கட்டும். இஸ்திரி போட்ட சட்டைப் பையில போட்டுக்கட்டும்.”

“அதுக்குள்ள கடிதம் தபால்ல போயிடும். பையில நனைஞ்சா அவர் வீட்லதான் தெரியும். உங்க முதலாளிக்குத் தெரியாது.”

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

“நான் யார்கிட்டயும் கெஞ்ச மாட்டேன்” என்றாள் கடைசியில்.

“கெஞ்ச வேண்டாம். கையை மட்டும் அசைச்சாப் போதும்.”

நாலு மணிக்கு மேசையைச் சுற்றி முப்பது பேர் கூடிவிட்டார்கள். கடைகளை மடிக்கிற சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. அஸஹினா முன் வரிசையில், கைகளை முன்னால் கோத்தபடி, மன்னிக்கத் தயாராக நின்றார். ஹோரியே மன்னிப்புக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். வேறு இடம் இல்லாததால் அட்டையின் மேலேயே வைத்தார், காரின் மூக்குக்குக் கீழே. கடிதத்தின் அடியில், முத்திரை குத்த வேண்டிய இடத்தில், மெல்லிய வட்டம் ஒன்று அச்சாகியிருந்தது.

நிரஸாகி அதை அரை அங்குலம் நகர்த்திச் சரிசெய்தான். யாரும் கவனிக்கவில்லை. மோமோசே கவனித்தாள்.

பிறகு சென்செயின் பட்டியலை வாசித்தான். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, இது உங்கள் கையெழுத்தா, உங்கள் முத்திரையா என்று கேட்டான். ஆமாம், ஆமாம் என்றார் அஸஹினா. கூட்டத்தில் பலர் பாராட்டுதலாகத் தலையசைத்தார்கள். கட்டிப் பித்தளையை அராவினாராம், பாருங்கள்.

“அடியில் இருக்கிற திருகு சுற்றாது, திருகினால் முறியும்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்.”

“கஸாமா-சான், நீங்க என்ன சொல்றீங்க?”

எல்லாரும் சயோவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். சட்டைப் பையிலிருந்து பல் வேலைக்கான மெல்லிய இடுக்கியை எடுத்தாள்.

“தொடாதே” என்றார் அஸஹினா. “முறிஞ்சிடும். அது என் வேலை.”

“உங்க வேலைதானே, சென்செய். முறிஞ்சா நான் முத்திரை குத்தறேன்” என்றாள் சயோ.

இடுக்கி காரின் மூக்குக்கு அடியில் போனது. கால் சுற்றுச் சுற்றினாள்.

முறியவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அஸஹினாவின் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. அப்போது திருகின் நுனியில் கடுகு அளவில் ஒரு பச்சை தோன்றியது. அது பருத்தது. தொங்கியது. விழுந்தது.

கடிதத்தின் அடியில், முத்திரைக்கென்று வைத்திருந்த வட்டத்தின் உள்ளே, பளபளப்பாகப் பச்சைப் பொட்டு ஒன்று உட்கார்ந்தது.

இரண்டாவது துளி அதன் மேலேயே விழுந்தது.

“இது ஏதோ கண்கட்டு வேலை” என்றார் அஸஹினா.

மோமோசே திருகாணி ஒட்டிய கட்டைவிரலை உயர்த்தினாள். “இடப்பக்கம் பாருங்க. சென்செயோட கட்டிப் பித்தளைக்கு வேர்க்குது.”

இந்த முறை பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது பரவியது.

நிரஸாகி சுருக்கமாகச் சொன்னான். இது நிஜக் காரின் ரேடியேட்டரில் சூட்டைத் தணிக்க ஊற்றுகிற குளிர்நீர், கூலன்ட். பெட்ரோல் நிலையத்தில் விற்பது. ஐந்து நாளாகப் பச்சை மாறாமல், காயாமல் இருப்பது அதனால்தான். முதல் நாள் திருகு சரியாக மூடாததால் ஒரு சொட்டு அட்டையில் விழுந்திருக்கிறது. சொட்டு விழ வேண்டும் என்றால் உள்ளே திரவம் நிற்கக் காலி இடம் வேண்டும். செய்தவருக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரியாது என்று அஸஹினா சென்செய் எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறார்.

யாரோ ஒரு இளைஞன், குழாய்களை எதில் செய்தீர்கள் என்று சயோவிடம் கேட்டான். அவள் முதலில் தட்டைப் பார்ப்பது போல மேசையைப் பார்த்தாள். ஆறு வருடப் பழக்கம். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பல்லின் வேரைக் கழுவுகிற ஊசிகள். காலாவதியான பெட்டி ஒன்றைப் பயன்படுத்தாமலே மருத்துவமனை தூக்கிப் போட்டது. முப்பத்துமூன்று ஊசிகளை ஒரே நீளத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் பித்தளைத் தகட்டில் துளை போட்டுச் செருகி, பல்லுக்கு வைக்கிற பற்றாசால் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தாள். நடுவில் இருக்கிற நெளி, சமையலறை அலுமினியத் தாள். கைக்கடிகாரத்தின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் விட்டு இழுத்தது. கறுப்பை மிக நீர்க்கப் பூச வேண்டும், இல்லாவிட்டால் நெளி அடைந்துவிடும். ஓரத்து வெள்ளி, பென்சில் கரி.

“இது என்னோடது” என்றாள். அந்தச் சங்கத்தில் யாரும் சொல்லக் கூடாத வாக்கியம்.

ஹோரியே தொண்டையைச் செருமினார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சத்தமில்லாமல் முடிக்க நினைத்தவர். இருந்தாலும் தலைவர்.

“கஸாமா-சான். உங்க மேல திருட்டு இல்லை. அது சரி. ஆனா உள்ள திரவம் இருக்கு. ஏழாவது விதி.”

“தெரியும். நீக்குங்க.”

“இல்லை, மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா...”

“வெள்ளைத் தாள் இருக்கா?”

கொடுத்தார்கள். அவள் நின்றபடியே எழுதினாள். நான்கு வரி. ஏழாவது விதி தெரிந்தே மாதிரிக்குள் குளிர்நீர் ஊற்றினேன், பக்கத்து மேசைக்குத் தீங்கு வந்திருக்கலாம், அதற்கு மன்னிக்கவும். பையிலிருந்து தன் முத்திரையை எடுத்து, மையில் தொட்டு, அழுத்தினாள். தாளை ஹோரியேயிடம் நீட்டினாள்.

“செஞ்ச தப்புக்குக் குத்திட்டேன். செய்யாததுக்கு நீங்க அஞ்சு நாள் இல்லை, அம்பது வருஷம் நின்னாலும் குத்த மாட்டேன்.”

பச்சைத் துளி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. பழைய கடிதம் ஊறி, எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன. யாரும் அதை எடுக்கவில்லை. அஸஹினா கூட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தார். ஆனால் யாரும் வழிவிடவில்லை. ஹோரியே இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒரு நொடி கையில் வைத்துத் தயங்கி, அஸஹினாவிடம் நீட்டினார். பேனாவையும் நீட்டினார்.

சயோ இடுக்கியால் திருகை மூடினாள். பொறுமையாக, கால் சுற்று. காரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கும்போது ஹோரியேயால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டது தலைவர் இல்லை, வெறும் மாதிரிக்காரர்.

“வெளிய இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாதே. எதுக்கும்மா உள்ள தண்ணி ஊத்தினே?”

சயோ பெட்டியை மூடினாள்.

“தண்ணி இல்லைன்னா அது ரேடியேட்டர் இல்லைங்க. ஜன்னல் கம்பி.”